கேள்வி பதில்: அரண்மனை மைதானத்தில் ஒரு மெட்டல் ராத்திரி

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 2007-இல் பெங்களூரில் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் ராக் குழுவின் கச்சேரி பார்த்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. சினிமா இசைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை முழுக்க அதைப் பற்றியே எழுதுகிறேன்.

“அக்கா, நானும் ஜோலார்பேட்டைக்காரன்தான். நம்ம ஊர்ப் பெண் ஒருவர் அந்தக் காலத்தில் ஹெவி மெட்டல் கச்சேரிக்குப் போயிருக்கிறார் என்பதை நம்பவே முடியவில்லை. எப்படிப் போனீர்கள்? முழுசாகச் சொல்லுங்கள்.”
— கல்லூரி மாணவர், ஜோலார்பேட்டை

சொல்கிறேன் தம்பி. நம்ம ஊரில் பிறந்ததால்தான் நான் அங்கே போனேன்.

அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. எங்கள் குவார்ட்டர்ஸ் யார்டை ஒட்டியே இருந்தது. பக்கத்து வரிசையில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு அவர் வெறும் ‘அங்கிள்’. ஆஸ்திரேலியாவில் இருந்த அவர் மகன் வரும்போதெல்லாம் ஒரு பை நிறையக் கேசட் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். அங்கிளுக்கு ஜிம் ரீவ்ஸ் போதும். மற்றதெல்லாம் என் அண்ணன் கைக்கு வந்துவிடும். அப்படி வந்ததுதான் அயர்ன் மெய்டனின் ‘ஃபியர் ஆஃப் த டார்க்’. அது 1992-இல் வந்த ஆல்பம். எங்களிடம் வந்தபோது எனக்குப் பத்து வயசு, அண்ணனுக்குப் பதினைந்து. அட்டையில் மரத்தோடு மரமாக முறுக்கிக்கொண்டு ஒரு பேய் உருவம் நிற்கும். அம்மா வீடு பெருக்கும்போதெல்லாம் அதைக் குப்புறத் திருப்பி வைத்துவிடுவார்.

இருட்டில் தனியாக நடந்து போகிறவனின் பயத்தைப் பற்றியது அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு. யார்டு ஓரத்தில் கடைக்குப் போய்வரும் எனக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஷண்டிங் என்ஜின் ஹார்ன் அடிக்கும். ஒரு நாள் பாட்டின் தொடக்கத்தில், ஒரு நாள் நடுவில். ஹார்ன் இல்லாமல் அந்தப் பாட்டை நான் முழுசாகக் கேட்டதே கிடையாது. பதினோரு வருஷம் அப்படித்தான்.

2007 தொடக்கத்தில் நான் வேலூரில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். ஹாஸ்டல் போனில் கூப்பிட்டு, “மெய்டன் வர்றாங்க. உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துட்டேன்” என்றான். அதற்கு முன்னாலும் பெரிய குழுக்கள் இந்தியாவுக்கு வந்திருக்கின்றன. டீப் பர்ப்பிள் வந்தார்கள், 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தார்கள். ஆனால் எங்களைப் போன்ற மெட்டல் ரசிகர்களுக்கு அயர்ன் மெய்டன் வருவது வேறு விஷயம். முந்தின வருஷம்தான் புது ஆல்பம் போட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் பயணத்தில், இந்தியாவில் முதன்முதலாக வாசிக்கப் போகிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். எந்த வண்டியில் போகிறாய், கூட யார், எப்போது திரும்புவாய் என்று மூன்று கேள்விதான் கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

மார்ச் 17, சனிக்கிழமை. காலை வண்டியில் ஏறினால் பெட்டியில் ஏற்கெனவே ஏழெட்டுப் பையன்கள் கறுப்பு டி-ஷர்ட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முதுகில் ‘எட்டி’ இருந்தது. எங்கள் கேசட் அட்டையில் இருந்த பேயின் பெயர்தான் எட்டி, அந்தக் குழுவின் சின்னம். எங்கள் வீட்டுக்கு வெளியே அந்த முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கண்டோன்மென்ட்டில் இறங்கி, அண்ணனோடு அரண்மனை மைதானத்துக்குப் போனபோது மணி ரெண்டு. மதில் ஓரமாக வரிசை போய்க்கொண்டே இருந்தது. நல்ல வெயில், காலடியில் புழுதி. ஷில்லாங்கிலிருந்து வந்த மாணவர்கள் நாலு பேர் எங்களுக்கு முன்னால் நின்றார்கள். ரயிலிலேயே மூன்று நாள் வந்திருக்கிறார்கள், முகத்தில் அசதியே இல்லை. பெண்களுக்குத் தனி வரிசை விட்டிருந்தார்கள். அதில் என்னையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். நுழைவாயிலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், உள்ளே தண்ணீர் கிடைக்கவும் வெகு நேரம் ஆனது. அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. கறுப்பு உடை போட்ட அத்தனை பேரை வெயிலில் நிற்கவைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்துக்கொள்வது தப்பு.

முதலில் தில்லியின் பரிக்ரமா குழு வாசித்தது. அவர்களிடம் வயலினும் உண்டு. அடுத்து லாரன் ஹாரிஸ் பாடினார். மெய்டனைத் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸின் மகள் அவர். அவர் இறங்கியதும் இருட்டிவிட்டது. ஸ்பீக்கரில் ஏதேதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று யுஎஃப்ஓ என்ற பழைய பிரிட்டிஷ் குழுவின் ‘டாக்டர் டாக்டர்’ ஆரம்பித்ததும் கூட்டம் மொத்தமும் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்து, “இது முடிஞ்சா அவங்கதான்” என்றான். மெய்டன் மேடையேறுவதற்கு முன்னால் எப்போதும் போடும் பாட்டு அது. இணையத்தில் தேடித் தேடிப் படித்து வைத்திருந்தான்.

விளக்கு அணைந்தது. அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது, துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. புரூஸ் டிக்கின்சன் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடிக்கொண்டே பாடினார், குரலில் மூச்சிரைப்பே இல்லை. ஸ்டீவ் ஹாரிஸ் ஒரு காலை மேடை ஓரத்து மானிட்டர் ஸ்பீக்கர் மேல் தூக்கி வைத்து, பேஸ் கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி எங்கள் பக்கம் நீட்டினார். அந்த மனிதரைப் படத்தில் அதே நிலையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

‘த ட்ரூப்பர்’ பாட்டுக்கு டிக்கின்சன் சிவப்புப் பட்டாளக் கோட்டு போட்டுக்கொண்டு பிரிட்டிஷ் கொடியை வீசினார். நம்ம ஊர் மைதானத்தில் இந்தக் கொடியா என்று ஒரு கணம் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பாட்டு வெற்றியைப் பற்றியது இல்லை. 1854-இல் கிரிமியப் போரில், பலக்லாவாவில், குளறுபடியான ஓர் உத்தரவால் பீரங்கிகளுக்கு நேராகக் குதிரையில் போய்ச் செத்த சிப்பாய்களைப் பற்றியது. பாட்டு முடியும்போது அந்தச் சிப்பாய் தனியாகக் கிடந்து சாகிறான். அதை நினைத்ததும் கொடி உறுத்தவில்லை.

பிறகு அந்தக் கேசட் பாட்டு வந்தது. ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ மெதுவான கிட்டார் மெட்டோடு தொடங்கும். அந்த மெட்டுக்கு வார்த்தை கிடையாது. முதல் சுரம் விழுந்த உடனே மைதானம் முழுக்க அதை ‘ஓ... ஓ...’ என்று பாடத் தொடங்கியது. யாரும் சொல்லித்தரவில்லை. ஷில்லாங் பையன்கள் பாடினார்கள், பக்கத்தில் மலையாளம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பாடினார்கள், என் அண்ணன் பாடினான். நானும் பாடினேன், ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இந்தப் பாட்டு எங்கள் வீட்டுப் பாட்டு என்று நினைத்திருந்தேன் தம்பி. நானும் அண்ணனும் அங்கிளும் மட்டும் அறிந்த பாட்டு. இத்தனை ஆயிரம் பேர், எங்கெங்கோ ஓர் அறையில் அவரவர் தனியாக இதைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள் என்பது அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. அப்புறம் இன்னொன்றும் உறைத்தது. ஹார்ன் வரவில்லை. நடுவில் அது வரும் இடத்தில் என் காது தானாகவே அதற்காகக் காத்திருந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என் தலையில் கை வைத்து லேசாக ஆட்டினான். அவனும் அதைத்தான் நினைத்திருக்கிறான்.

பத்தடிக்கு மேல் உயரமான எட்டி பட்டாள உடையில் மேடைக்கு வந்து கிட்டார்க்காரர்களோடு மல்லுக்கு நின்றது. கடைசிப் பாட்டு ‘ஹாலோட் பி தை நேம்’. தூக்குக்குக் காத்திருக்கும் கைதி பாடுவது போன்ற பாட்டு. அது முடிந்து வெளியே வந்தபோது எல்லார் சட்டையும் புழுதி நிறம். டீக்கடையில் ஒரே கூட்டம், எல்லாரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கோப்பை, இந்தியாவும் வங்கதேசமும். நம்ம அணி 191-க்கு ஆல் அவுட். சாதாரண நாளாக இருந்தால் அண்ணன் ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டான். அன்று ரெண்டு பன்னும் டீயும் வாங்கி, ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றான். மறுநாள் காலை வண்டியில் நான் ஊருக்கு வந்தேன். அப்பா பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். டூட்டி இல்லாத நாள் அது.

“ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காட்டுகிறார்களே, அது சாத்தான் முத்திரை என்று எங்கள் ஜெபக் கூட்டத்தில் சொன்னார்கள். உண்மையா?”
— வாசகி, நாகர்கோவில்

இதன் கதை உங்களுக்குப் பிடிக்கும். மெட்டல் மேடைகளில் அந்த முத்திரையைப் பரப்பியவர் ரானி ஜேம்ஸ் டியோ. 1979-இல் பிளாக் சாபத் குழுவில் பாட வந்தவர். இத்தாலிய வம்சாவளி. சின்ன வயதில் தன் பாட்டி தெருவில் போகும்போது, கண்ணு பட்டுவிடாமல் இருக்க விரலை இப்படி நீட்டுவார், அதைத்தான் நானும் செய்தேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நம் வீட்டில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறோமே, அதே காரியம்தான். திருஷ்டி கழிக்கும் விரல்.

அயர்ன் மெய்டன் 1982-இல் ‘த நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ (பைபிளில் வரும் ‘மிருகத்தின் எண்’, 666) வெளியிட்டபோது அமெரிக்காவில் சில மதக் குழுக்கள் இசைத்தட்டுகளை அழித்துப் போராடியது உண்மை. ஸ்டீவ் ஹாரிஸ் கண்ட ஒரு கெட்ட கனவிலிருந்து பிறந்த பாட்டு அது. அந்தக் குழுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன் 1999-லிருந்து தீவிரமான கிறிஸ்தவ விசுவாசி. அவர் அந்தப் பாட்டுக்கும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

“மேடம், என் மகளுக்கு 19 வயது. தோழிகளோடு பெங்களூரில் ஒரு ராக் கச்சேரிக்குப் போக வேண்டும் என்கிறாள். கூட்டத்தில் நெரிசல் என்று செய்தி பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. அனுப்பலாமா?”
— ஒரு தாய், மதுரை

அனுப்புங்கள் அம்மா. ஆனால் உங்கள் பயம் நியாயமானது, அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 2000-இல் டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் 9 பேர் இறந்தார்கள். 2021-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 10 பேர், பெரும்பாலும் உங்கள் மகள் வயதுக்காரர்கள். இப்படி இறப்பவர்கள் மிதிபட்டுச் சாகிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்ற நிலையிலேயே நாலு பக்கமும் நெருக்கி, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகிறது. ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்தாறு பேர் நின்றுவிட்டாலே ஆபத்து ஆரம்பித்துவிடுகிறது.

எனக்கே ஒரு முறை நடந்தது. வேறொரு ஊரில், வேறொரு கச்சேரி. முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள் ஒரே ஒரு குறுகிய வழியைத் திறந்துவிட்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் அடைத்துக்கொண்டது தெரியவில்லை. என் கால் தரையில் படாமலேயே நாலைந்து அடி நகர்ந்தேன். கத்தக்கூட மூச்சு வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் இரண்டு முழங்கையையும் விரித்து எனக்கு ஒரு சாண் இடம் உண்டாக்கிக் கொடுத்தார். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். உள்ளே போனதும் முதல் வேலை, மேடையைப் பார்ப்பது இல்லை, வெளியேறும் வழிகளைப் பார்ப்பது. வந்த வழியை விட்டு இன்னொன்றையும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பக்கமும் தோள் இடிக்கத் தொடங்கி, தன் கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு உடனே நகர வேண்டும். பாட்டு பாதியில் இருந்தாலும் சரி. மாட்டிக்கொண்டால், குத்துச்சண்டைக்காரர் மாதிரி இரண்டு கையையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும், மூச்சுக்கு இடம் கிடைக்கும். தள்ளுகிறவர்களைத் திருப்பித் தள்ளக் கூடாது. கூட்டம் அலை மாதிரி முன்னும் பின்னும் ஆடும். அலை தணியும் நேரத்தில் குறுக்குச் சாய்வாக, ஓரத்தைப் பார்த்து நகர வேண்டும். கீழே விழுந்ததை எடுக்கக் குனியவே கூடாது, செருப்போ போனோ எதுவானாலும். யாராவது விழுந்தால் உடனே தூக்கிவிட வேண்டும். மெட்டல் கூட்டத்தில் இது எழுதாத சட்டம். அரண்மனை மைதானத்தில் குதித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பையன் சறுக்கி விழுந்தபோது, அவன் தரையைத் தொடுவதற்குள் ஆறு கைகள் பிடித்ததைப் பார்த்தேன்.

ஷூ போட்டுக்கொண்டு போகட்டும். திரும்பி வருவதற்கு வண்டி, தங்க இடம், இரண்டும் முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும். கூட்டம் கலையும் நேரத்தில் போன் எடுக்காமல் போகும், அதனால் தோழிகள் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளட்டும். என் அப்பா கேட்ட மூன்று கேள்வியையும் நீங்கள் கேளுங்கள். பதில் இருந்தால் அனுப்பிவையுங்கள்.

“ஒரு பெரிய மைதானக் கச்சேரியில் டிரம்ஸ்காரர் அடித்த பிறகுதான் சத்தம் வந்தது. கருவி கோளாறா? எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்?”
— எலக்ட்ரீஷியன், ஈரோடு

கோளாறு இல்லை, தூரம். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். நீங்கள் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், குச்சி விழுவதைக் கண் உடனே பார்த்துவிடும், காதுக்கு வந்து சேர விநாடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆகும். பெரிய மைதானங்களில் நடுவில் கோபுரம் கட்டி இன்னொரு வரிசை ஸ்பீக்கர் வைப்பார்கள். அவற்றுக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே அந்த அளவு தாமதப்படுத்தி அனுப்புவார்கள். மேடையிலிருந்து வருவதும் கோபுரத்திலிருந்து வருவதும் ஒன்றாகக் காதில் விழ வேண்டுமே, அதற்காக.

எங்கே நிற்பது என்பதை நான் பெங்களூரிலேயே கற்றுக்கொண்டேன். முதல் நாலு பாட்டுக்கு நாங்கள் முன்னால், இடது ஓரத்தில் நின்றோம். பேஸ் ஸ்பீக்கர்கள் தரையில் இருக்கும், அதனால் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. குரலையும் கிட்டாரையும் தரும் ஸ்பீக்கர்கள் உயரத்தில் தொங்கி, எங்கள் தலைக்கு மேலாகப் பின்னால் இருப்பவர்களைப் பார்த்து நின்றன. டிக்கின்சன் பாடுவது ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு, மைதானத்தின் நடுவில் ஒலியமைப்பாளர்கள் சத்தத்தைக் கலந்து சரிசெய்யும் மிக்சர் கருவியோடு உட்கார்ந்திருந்த கூடாரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். சட்டென்று எல்லாம் தெளிந்தது. மூன்று கிட்டார்களும் தனித்தனியாகக் கேட்டன. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தக் கூடாரத்தில் இருப்பவர் தன் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதை வைத்துத்தான் அத்தனையும் திருத்துகிறார். அவர் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதை நீங்களும் கேட்கலாம். முகம் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் போங்கள், பாட்டு கேட்க வேண்டுமென்றால் கூடாரத்துக்கு முன்னால் நில்லுங்கள்.

“கச்சேரிக்குப் போய்வந்து இரண்டு நாளாகக் காதில் ‘ங்ஙொய்’ என்று சத்தம். தானாகப் போய்விடுமா?”
— மாணவர், கோவை

எனக்கும் அப்படித்தான் இருந்தது, மூன்றாவது நாள் போய்விட்டது. ஆனால் போய்விட்டது என்பதால் கெடுதல் இல்லை என்று நினைத்தது என் தப்பு. காதுக்குள் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அப்படியே கணக்குப் போட்டுப் பாருங்கள், 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். ராக் கச்சேரியில் இரண்டு மணி நேரம் அதற்கு மேலேயே இருக்கும். மருந்துக் கடையில் நுரை அடைப்பான் மலிவாகக் கிடைக்கும். உருட்டி, காதுக்குள் வைத்து, விரியும் வரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாட்டு குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள், கூச்சல் அடங்கிப் பாட்டு தெளிவாகும். உங்கள் காதில் அந்தச் சத்தம் இந்த வாரத்துக்குள் நிற்காவிட்டால், அல்லது கேட்பது குறைந்த மாதிரி இருந்தால், தள்ளிப்போடாமல் காது மருத்துவரைப் பாருங்கள்.

“கத்தலும் இரைச்சலும்தானே? நாற்பது வருடம் கச்சேரி கேட்ட காது எனக்கு. இதில் இசை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.”
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, உங்கள் காதை நம்பியே சொல்கிறேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ‘தாம் தக தாம் தக தாம் தக’ என்று சொல்லிப் பாருங்கள். தாமுக்கு இரண்டு மாத்திரை, தகவுக்கு இரண்டு, சதுச்ர நடை. கொஞ்சம் வேகம் கூட்டினால் குதிரைக் குளம்படி கேட்கும். ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிட்டாருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நடை இதுதான். மீட்டுத் தகடு இல்லாமல் வெறும் விரலால் இதை வாசிக்கிறார். மிருதங்கம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த விரல் சுத்தம் பிடிபடும்.

அடுத்து அந்தக் கிட்டார்கள். 1999-லிருந்து இந்தக் குழுவில் மூன்று கிட்டார்க்காரர்கள்: டேவ் மர்ரே, ஏட்ரியன் ஸ்மித், யானிக் கெர்ஸ். ஒருவர் ‘ஸ ரி க’ என்று போனால் அதே நேரத்தில் இன்னொருவர் ‘க ம ப’ என்று போவார். ஒரே மெட்டு, இரண்டு உயரத்தில், தோளோடு தோள் சேர்ந்து நடக்கிற மாதிரி. நம் சங்கீதத்தில் இப்படிச் செய்வதில்லை, அதனால் முதலில் கேட்கும்போது இரண்டும் மோதுகிற மாதிரி இருக்கும். நாலைந்து முறை கேட்ட பிறகு பிரித்துக் கேட்க வந்துவிடும்.

நீங்கள் தமிழாசிரியர் என்பதால் ஒன்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். 1798-இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் எழுதிய, ஒரு முதிய மாலுமியின் கதைக் கவிதை உண்டு. பறவையைக் கொன்ற பாவத்துக்குக் கடலில் ஒரு கப்பலே பழிவாங்கப்படும் கதை. அதை 1984-இல் இவர்கள் ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்’ என்ற பதின்மூன்று நிமிஷப் பாட்டாகச் செய்தார்கள். நடுவில் மேளமெல்லாம் அடங்கி, காற்றில்லாத கடலில் கப்பல் மரம் முனகும் சத்தம் கேட்கும். குறைந்த ஒலியில் வைத்து, அந்த இடம் வரை கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் எழுதுங்கள், உங்கள் கடிதத்தை அப்படியே போடுகிறேன்.

“டிரம்ஸ் நிக்கோ ஓய்வு பெற்றுவிட்டாரே, செய்தி கேட்டு என்ன நினைத்தீர்கள்?”
— வாசகர், திருச்சி

2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தது. விழுந்த கையைத் திரும்பவும் பழக்கி, அதே வருஷம் மே மாதம் மேடையேறினார். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. வேகமான சில உருட்டல்கள் முன்பு மாதிரி வரவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2024 டிசம்பர் 7, பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம், அதோடு மேடைப் பயணத்தை நிறுத்திக்கொண்டார். 1982-இல் வந்து சேர்ந்தவர்.

பெங்களூரில் மற்றவர்கள் உள்ளே போன பிறகும் அவர் மேடை ஓரத்தில் நின்று, குச்சிகளை ஒவ்வொன்றாகக் கூட்டத்துக்குள் எறிந்துகொண்டிருந்தார். ஒன்று எங்கள் தலைக்கு மேலே பறந்து போனது. அண்ணன் எம்பினான், எட்டவில்லை.

ஓய்வுச் செய்தி வந்த ராத்திரி அண்ணன் ஓசூரிலிருந்து போன் பண்ணினான். இப்போது அவன் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெரு. போனை ஸ்பீக்கரில் போடு என்றான். அவன் அங்கே அந்தப் பாட்டை வைத்தான், நான் இங்கே கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிஷத்தில் அவன் பக்கம் ரயில் ஹார்ன் அடித்தது. பாட்டு முடியும் வரை இரண்டு பேரும் பேசவில்லை.